ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு தீர்ப்புகள்: அமெரிக்க வாக்காளரும் கருக்கலைப்பு உரிமையும் விலைவாசியும்

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநில வாக்காளர்கள் கையில் வாங்கிய சீட்டு நீளமானது. மேலே அதிபர் பதவி. அடுத்து செனட், ஆளுநர், மாநிலச் சட்டமன்றம். அவற்றுக்குக் கீழே சில கேள்விகள். அவற்றில் ஒன்று 'திருத்தம் 3': கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கலாமா? இன்னொன்று 'முன்மொழிவு ஏ': குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, தொழிலாளருக்குச் சம்பளத்துடன் நோய் விடுப்பும் கொடுக்கலாமா?

வாக்கு எண்ணி முடித்தபோது டொனால்ட் டிரம்ப்புக்கு 58 சதவீதத்துக்கு மேல் கிடைத்திருந்தது. நாடு முழுவதற்கும் இருந்த கருக்கலைப்பு உரிமையை ஒழித்த நீதிபதிகளில் மூவரை நியமித்தவர் அவர். அதே சீட்டில் கருக்கலைப்பு உரிமையும் 51.6 சதவீதத்துடன் வென்றது. கூலி உயர்வும் 57 சதவீதத்தைத் தாண்டி வென்றது. அரிசோனா, மொன்டானா, நெவாடா மாநிலங்களிலும் டிரம்ப்பும் கருக்கலைப்பு உரிமையும் ஒரே நாளில் சேர்ந்தே வென்றார்கள்.

டிரம்ப்பை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் சென்னையிலிருந்து போனவர் என்பதால், திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் வரை அந்தத் தேர்தலைக் கூர்ந்து கவனித்தார்கள். முடிவு வந்த பிறகு பலரும் கேட்டது ஒரே கேள்விதான். பெண்களின் உரிமையே பறிபோயிருக்கிறது, அதைப் பறிக்க வழிசெய்தவருக்கே எப்படி வாக்களித்தார்கள்? கருக்கலைப்பு அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லையா?

பொருட்டாகத்தான் இருந்தது. எந்தச் சமயத்தில், எந்தப் பதவிக்கான தேர்தலில் அது வாக்காக மாறுகிறது, எப்போது விலைவாசி அதை முந்திக்கொள்கிறது என்பதில்தான் குழப்பத்துக்கான விடை இருக்கிறது.

முதலில் சட்டப் பின்னணி

இந்தியாவில் கருக்கலைப்பு 1971இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மேல் நிற்கிறது. 2021இல் அதைத் திருத்தி, குறிப்பிட்ட பிரிவினருக்கான கால வரம்பை 24 வாரமாக உயர்த்தியதும் நாடாளுமன்றமே. அமெரிக்காவில் அப்படியொரு தேசியச் சட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அங்கே உரிமை நின்றது நீதிமன்றத் தீர்ப்பின் மேல். மூன்று தீர்ப்புகளை நினைவில் வைத்தால் போதும்.

1. ரோ எதிர் வேட், 1973 ஜனவரி. டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கு. கருக்கலைப்பு அரசியலமைப்பு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் சொன்னது.

2. கேஸி வழக்கு, 1992. உரிமையின் மையத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மாநிலங்கள் சில கட்டுப்பாடுகள் போட இடம் கொடுத்தது. ஆனால் கரு தாயின் உடலுக்கு வெளியே பிழைக்கக்கூடிய நிலையை எட்டும் வரை, அதாவது சுமார் 24 வாரம் வரை, முழுத் தடை போட முடியாது.

3. டாப்ஸ் வழக்கு, 2022 ஜூன் 24. மிசிசிப்பி மாநிலத்தின் 15 வாரத் தடை பற்றியது. நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய தீர்ப்பு முதல் இரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்தது. அரசியலமைப்பில் இப்படியொரு உரிமை கிடையாது, முடிவெடுக்க வேண்டியவர்கள் மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் என்றது.

அந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போனது. சில மாநிலங்களில் தடைச் சட்டங்களைத் தயாராக எழுதி வைத்திருந்தார்கள். தீர்ப்பு வந்தால் போதும், அவை உயிர்பெறும். மிசௌரி தீர்ப்பு வந்த அன்றே அப்படியொரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கிட்டத்தட்ட முழுத் தடை வந்தது. கலிபோர்னியா, நியூயார்க் போன்றவற்றில் எதுவும் மாறவில்லை.

மக்களே சட்டம் எழுதும் வழி

அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நேரடி வாக்கெடுப்பு. அமெரிக்காவின் சுமார் பாதி மாநிலங்களில், போதுமான கையெழுத்துகள் திரட்டினால் குடிமக்களே ஒரு சட்டத்தையோ அரசியலமைப்புத் திருத்தத்தையோ வாக்குச்சீட்டில் ஏற்றலாம். சட்டமன்றமே அனுப்பும் கேள்விகளும் உண்டு. டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் குடிமக்களுக்கு இந்த வழி கிடையாது. அங்கே கருக்கலைப்பு பற்றி வாக்காளர் தன் மனதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வேட்பாளர் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

இந்த வேறுபாடு பின்னால் வருவதற்கெல்லாம் அடிப்படை. வேட்பாளர் என்பவர் ஒரு மூட்டை. வரி, எல்லை, விலைவாசி, கருக்கலைப்பு எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள் இருக்கும், எடுத்தால் மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும். நேரடி வாக்கெடுப்பு மூட்டையைப் பிரித்து ஒரு பொருளை மட்டும் முன்னால் வைக்கிறது.

பிரித்து வைத்தபோது என்ன ஆனது என்பதை முதலில் காட்டிய மாநிலம் கான்சஸ். டிரம்ப்பின் குடியரசுக் கட்சியின் கோட்டை, 2020இல் டிரம்ப்புக்கு 56 சதவீதம் கொடுத்த மாநிலம். மாநில அரசியலமைப்பு கருக்கலைப்பைப் பாதுகாக்கிறது என்று அதன் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருந்தது. அந்தப் பாதுகாப்பை நீக்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் 2022 ஆகஸ்ட் 2ஆம் தேதி வாக்குக்கு விட்டது. கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும், கூட்டம் குறைவாக வரும் உட்கட்சித் தேர்தல் நாள் அது. ஆனால் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து வாக்களித்தார்கள். திருத்தம் 59-41 என்ற கணக்கில் தோற்றது. தங்கள் கட்சி கொண்டுவந்த திருத்தத்தைக் குடியரசுக் கட்சி வாக்காளர்களில் கணிசமானவர்களே நிராகரிக்காமல் இந்தக் கணக்கு வந்திருக்க வழியில்லை.

2022: எதிர்பார்த்த அலை ஏன் வரவில்லை

அதிபர் பதவிக்காலத்தின் நடுவில், நவம்பரில் நடக்கும் நாடாளுமன்றத் தேர்தலை இடைக்காலத் தேர்தல் என்கிறோம். ஆளும் கட்சிக்கு அதில் அடி விழுவது வழக்கம். 2010இல் ஒபாமாவின் கட்சி கீழவையில் 63 இடங்களை இழந்தது, 2018இல் டிரம்ப் கட்சி 40 இடங்களை இழந்தது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம். பெட்ரோல் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், 5 டாலரைத் தாண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சியின் அப்போதைய அதிபர் பைடனின் செல்வாக்கும் சரிந்திருந்தது. குடியரசுக் கட்சியின் நிறமான சிவப்பு அலையாக எழும் என்றே பெரும்பாலோர் எழுதினார்கள்.

வந்தது சிற்றலை. கீழவையில் குடியரசுக் கட்சி 222-213 என்று மயிரிழையில் வென்றது. செனட்டை ஜனநாயகக் கட்சி தக்கவைத்து, ஓர் இடம் கூடவே பெற்றது. வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், தங்கள் வாக்கைத் தீர்மானித்தது விலைவாசி என்றவர்கள் 31 சதவீதம், கருக்கலைப்பு என்றவர்கள் 27 சதவீதம். முதல் கூட்டத்தில் பத்தில் ஏழு பேர் குடியரசுக் கட்சிக்கும், இரண்டாவது கூட்டத்தில் நான்கில் மூவர் ஜனநாயகக் கட்சிக்கும் வாக்களித்திருந்தார்கள்.

நாடு தழுவிய இந்த எண்ணை விட மாநிலவாரிப் படம்தான் அதிகம் சொல்கிறது. மிஷிகனையும் நியூயார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மிஷிகனில் 1931ஆம் ஆண்டின் பழைய தடைச் சட்டம் ஏட்டில் அப்படியே இருந்தது. ரோ தீர்ப்பு போனதும் அது உயிர்பெறும் ஆபத்து நிஜமாக நின்றது. அதைத் தடுக்கும் முன்மொழிவு சீட்டில் இருந்தது, ஆளுநர் கிரெட்சன் விட்மர் அதையே தன் பிரசாரத்தின் நடுவில் வைத்தார். முன்மொழிவு சுமார் 57 சதவீதத்துடன் வென்றது. விட்மர் பத்துச் சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் முதல் முறையாக ஆளுநர் பதவியும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் வந்தன.

நியூயார்க்கில் கருக்கலைப்பு உரிமையை மாநிலச் சட்டம் ஏற்கெனவே காத்தது. நாளையே பறிபோகும் என்ற பயம் யாருக்கும் இல்லை. பேச்சு முழுக்கக் குற்றங்கள் பற்றியும் செலவு பற்றியும் இருந்தது. ஜனநாயகக் கட்சி நாடாளுமன்ற இடங்களைப் பறிகொடுத்தது, ஆளுநர் கேத்தி ஹோக்கல் ஆறு புள்ளி வித்தியாசத்தில்தான் தப்பித்தார்.

இரண்டு மாநிலங்களிலும் விலைவாசி ஒன்றுதான். கருக்கலைப்பு பற்றிய கருத்திலும் நியூயார்க் மிஷிகனுக்குப் பின்தங்கியதல்ல. வேறுபட்டது அச்சம். கையில் இருப்பது பறிபோகப் போகிறது என்று நம்பிய இடத்தில் அந்தக் கருத்து வாக்காக மாறியது. நம்பாத இடத்தில் கருத்தாகவே தங்கிவிட்டது.

இந்த விதிக்கு ஒட்டாதது போலத் தெரியும் மாநிலமும் உண்டு. ஜார்ஜியாவில் ஆறு வாரத் தடையில் கையெழுத்திட்ட ஆளுநர் பிரையன் கெம்ப் ஏழு புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். பதவியில் இருந்து மக்களுக்குப் பழகிப்போன, நிர்வாகத்தில் நல்ல பெயர் எடுத்த ஒருவரை ஒரே விவகாரத்தால் வீழ்த்துவது கடினம். அங்கே அந்த விவகாரத்தைத் தனியாகப் பிரித்து வாக்களிக்க வழியும் இல்லை.

விலைவாசி வேலை செய்யும் விதம்

1998இல் வெங்காய விலை டெல்லியில் ஓர் ஆட்சியைக் கவிழ்த்ததை நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் அந்த இடம் முட்டைக்கும் பெட்ரோலுக்கும். ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 2021 ஜனவரியில் ஏறத்தாழ 1.47 டாலர். 2023 ஜனவரியில் 4.82 டாலர். பறவைக் காய்ச்சலில் கோடிக்கணக்கான கோழிகள் செத்தது பெரிய காரணம். ஆனால் கடையில் அட்டைப்பெட்டியைக் கையில் எடுப்பவருக்குக் காரணம் தெரிவதில்லை, விலைதான் தெரிகிறது.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 2024 இலையுதிர் காலத்தில் அது இரண்டரை சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிட்டது, வேலையின்மையும் சுமார் 4.1 சதவீதம்தான். அரசுத் தரப்பு இந்த எண்களைக் காட்டிப் பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்றது. வேகம் குறைந்தால் விலை இறங்கிவிட்டது என்று பொருள் இல்லை. 2021 தொடக்கத்திலிருந்து 2024 முடிவதற்குள் மொத்த விலை அளவு சுமார் 20 சதவீதம் உயர்ந்து அங்கேயே நின்றது. புள்ளிவிவரத்துறை ஓர் ஆண்டைத்தான் ஒப்பிடுகிறது. குடும்பமோ கொரோனாவுக்கு முந்தைய பில்லோடு ஒப்பிடுகிறது. இரண்டு பேரும் சொன்னது உண்மை. வாக்குச்சாவடிக்குப் போனது இரண்டாமவர்.

வட்டி இதைவிடக் கடுமையாகத் தாக்கியது. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி, பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2022 மார்ச் முதல் ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.25-5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. வீட்டுக் கடனில் அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 லட்சம் டாலர் கடன், 30 ஆண்டு தவணை. 3 சதவீத வட்டியில் மாதம் சுமார் 1,265 டாலர். 7 சதவீதத்தில் சுமார் 1,996 டாலர். அதே வீடு, அதே கடன், மாதம் 730 டாலர் கூடுதல். புதிதாகக் கல்யாணமான இருவருக்கு இந்த வித்தியாசம் வீடு வாங்குவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்துவிடும்.

சம்பளமும் ஏறியதே என்று கேட்கலாம். பலருக்கு ஏறியது. ஆனால் ஹார்வர்ட் பொருளாதார அறிஞர் ஸ்டெஃபானி ஸ்டான்சேவா மக்களிடம் நடத்திய ஆய்வில் தெரியவந்தது இது: சம்பளம் கூடினால் அதைத் தங்கள் உழைப்புக்குக் கிடைத்த பலன் என்று எடுத்துக்கொள்கிறார்கள், விலை கூடினால் பழியை முக்கியமாக அரசின் மேல் போடுகிறார்கள். ஆகவே ஆளுங்கட்சிக்கு ஒரு பக்கம் நன்றி கிடைப்பதில்லை, மறுபக்கம் கோபம் மட்டும் கிடைக்கிறது. கடந்த காலத்தை வைத்து ஆட்சிக்கு மதிப்பெண் போடும் இந்த முறையை அரசியல் அறிவியலில் பின்னோக்கி வாக்களித்தல் என்பார்கள். 1980இல் ரொனால்ட் ரீகன் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்ட கேள்வி இதன் சுருக்கம்: நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததை விட இப்போது நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?

2024இல் உலகம் முழுக்க இந்தக் கேள்வி ஆளுங்கட்சிகளைச் சுட்டது. பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சி படுதோல்வி அடைந்தது, ஜப்பானில் ஆளும் கூட்டணி பெரும்பான்மை இழந்தது, இந்தியாவில் பாஜக 240 இடங்களில் நின்றது. அமெரிக்காவுக்கு மட்டும் விதிவிலக்கு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை.

2024இல் இரண்டும் மோதியபோது

வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பில் சுமார் 45 சதவீதம் பேர், நான்கு ஆண்டுகளுக்கு முன்பை விடத் தங்கள் குடும்ப நிலை மோசம் என்றார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த 2020இல்கூட இப்படிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மோசம் என்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் டிரம்ப்புக்கு வாக்களித்தார்கள். தங்களுக்கு முதன்மையான விவகாரம் பொருளாதாரம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். கருக்கலைப்பு என்றவர்கள் சுமார் 14 சதவீதம்.

அதே கருத்துக்கணிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில், கருக்கலைப்பு எல்லாச் சூழலிலும் அல்லது பெரும்பாலான சூழல்களில் சட்டப்படி அனுமதிக்கப்பட வேண்டும் என்றார்கள். இவர்களில் 'பெரும்பாலான சூழல்களில்' என்ற மிதமான பிரிவினர் இரு வேட்பாளர்களுக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தார்கள். மிசௌரிப் புதிருக்கு விடை இவர்களிடம் இருக்கிறது. இவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு நான் நான்கு காரணங்களைப் பார்க்கிறேன்.

1. அச்சம் தணிந்திருந்தது. மிஷிகனில் 2022லேயே உரிமை அரசியலமைப்பில் ஏறிவிட்டது. விட்மருக்குப் பத்துப் புள்ளி வித்தியாசம் கொடுத்த அதே மாநிலம், பறிபோக உடனடியாக எதுவும் இல்லாத 2024இல் சுமார் ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் டிரம்ப் பக்கம் போனது. மருந்துக் கருக்கலைப்பும் பரவியிருந்தது. தடை உள்ள மாநிலங்களில் பலருக்கு மாத்திரை தபாலில் வந்து சேர்ந்தது. நாடு தழுவிய கருக்கலைப்பு எண்ணிக்கை 2023இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. பாதிக்கப்பட்ட பெண்களின் வேதனை உண்மையானது, ஆனால் மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

2. டிரம்ப் இடம் மாறி நின்றார். 2024 ஏப்ரலில் ஒரு காணொளியில் இந்த விவகாரத்தை மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நாடு தழுவிய தடை வந்தால் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்துவேன் என்று அக்டோபரில் எழுதினார். அது நம்பத்தக்கதா என்ற விவாதம் வேறு. நம்ப விரும்பிய வாக்காளருக்கு அது போதுமாக இருந்தது.

3. நேரடி வாக்கெடுப்பே ஒரு வடிகாலாக ஆனது. கருக்கலைப்பு உரிமை சீட்டில் இருந்தால் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்கும் அது கைகொடுக்கும் என்று அக்கட்சி எதிர்பார்த்தது. உரிமைக்கு ஒரு வாக்கு, விலைவாசிக்கு ஒரு வாக்கு என்று இரண்டையும் தனித்தனியே கொடுத்துவிட முடிந்தவர்கள், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமையைக் கணக்கில் எடுக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டார்கள். மிசௌரியில் திருத்தத்துக்கு எதிராக நின்ற செனட்டர் ஜாஷ் ஹாலி சுமார் 14 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

4. வாக்களிக்க வந்த கூட்டம் வேறு. இடைக்காலத் தேர்தலில் வாக்களிப்போர் தகுதியுள்ளவர்களில் பாதிக்கும் குறைவு. அரசியலை நெருக்கமாகப் பின்தொடர்பவர்கள் அதிகம். அதிபர் தேர்தலில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் வருகிறார்கள். கூடுதலாக வருபவர்களில் செய்தி அதிகம் பார்க்காத, மாதச் செலவைச் சமாளிக்கத் திணறும் இளைஞர்களும் தொழிலாளர்களும் நிறைய.

கருக்கலைப்பும் காசுக் கணக்குதான்

இதுவரை இரண்டையும் எதிரெதிர் தட்டுகளில் வைத்தே பேசினோம். வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு எடுக்கும் செய்தி நிறுவனங்களின் கேள்வித்தாளும் அப்படித்தான் கேட்கிறது. ஒரே ஒரு விவகாரத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கருக்கலைப்பை நாடும் அமெரிக்கப் பெண்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தாய்மார்கள். நான்கில் மூவர் வறுமைக் கோட்டுக்குக் கீழேயோ சற்று மேலேயோ இருப்பவர்கள். டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இலிருந்து மாறவில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 58 டாலர். ஆரம்ப வாரங்களில் கருக்கலைப்புக்கு ஆகும் 500 முதல் 600 டாலர் என்பது பத்து நாள் கூலி. 1976இல் வந்த ஹைட் திருத்தத்தின்படி ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் மத்திய அரசின் பணம், சில விதிவிலக்குகள் தவிர, இதற்குக் கிடைக்காது. சொந்த மாநிலத்தில் தடை என்றால் ஹூஸ்டனில் இருப்பவர் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி கான்சஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும். பெட்ரோல், ஒரு ராத்திரி விடுதி, வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இழப்பு எல்லாம் சேரும். இத்தனையையும் புரட்ட முடியாதவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒரே பிரச்சினை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. கருக்கலைப்பு கிடைத்தவர்கள், காலம் கடந்துவிட்டதால் மறுக்கப்பட்டவர்கள் என ஏறத்தாழ ஆயிரம் பெண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் வறுமையில் விழும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. கட்டத் தவறிய கடன் அவர்களிடம் பெருகியது, அந்த நெருக்கடி சில ஆண்டுகளுக்கு நீடித்தது.

இந்தத் தொடர்பைப் பிரசார மேடையில் சொன்னவர்கள் குறைவு. ஜனநாயகக் கட்சி 2024இல் கருக்கலைப்பை உரிமை, சுதந்திரம், மருத்துவ ஆபத்து என்ற சொற்களில் பேசியது. அந்தச் சொற்கள் நியாயமானவை. ஜார்ஜியாவில் உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் ஓர் இளம் தாய் இறந்ததையும், அது தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று மாநிலக் குழுவே கண்டறிந்ததையும் கமலா ஹாரிஸ் பேசாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் வாடகைக்கும் மளிகைக்கும் இடையில் திண்டாடும் பெண்ணிடம், இன்னொரு பிள்ளையைப் பெறுவதா வேண்டாமா என்பது உன் வீட்டு வரவுசெலவின் மிகப் பெரிய முடிவு என்று நேராகச் சொல்லியிருந்தால், அவர் இரண்டு விவகாரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்காது.

சீட்டில் பிரிந்தவை ஆட்சியில் பிரிவதில்லை

புளோரிடாவில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 57 சதவீதம் பெற்றது. டிரம்ப் அங்கே பெற்ற 56 சதவீதத்தை விட அது அதிகம். ஆனாலும் திருத்தம் தோற்றது, ஏனென்றால் அந்த மாநிலத்தில் அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீதம் வேண்டும். அந்த விதியை 2006இல் கொண்டுவந்த திருத்தமே 58 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் பெற்றது. ஒஹையோவிலும் 2023 ஆகஸ்டில் வரம்பை 60க்கு உயர்த்த முயன்றார்கள். மக்கள் 57-43 என்று மறுத்தார்கள். அப்படி மறுத்ததால்தான் மூன்று மாதம் கழித்துச் சுமார் 57 சதவீதத்துடன் கருக்கலைப்பு உரிமை அங்கே வெல்ல முடிந்தது. விதியை யார் எழுதுகிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. விதியை எழுதுபவர்கள் சட்டமன்றத்தில் இருக்கிறார்கள்.

மிசௌரிக்கே திரும்பலாம். 2024 சீட்டில் வாக்காளர்கள் கேட்டு வாங்கிய இரண்டும் அடுத்த ஆண்டே ஆட்டம் கண்டன.

1. முன்மொழிவு ஏ சாதாரணச் சட்டமாக நிறைவேறியது, அரசியலமைப்பில் ஏறவில்லை. சட்டமன்றம் பெரும்பான்மை இருந்தால் அதை மாற்றலாம். 2025இல் குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை ரத்து செய்தது. 15 டாலருக்குப் பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கூலி உயரும் என்ற பிரிவையும் நீக்கியது. ஆளுநர் மைக் கீஹோ ஜூலையில் கையெழுத்திட்டார். 2024 நவம்பரில் அதே சீட்டில் 59 சதவீத வாக்குடன் வென்றவர் அவர்.

2. திருத்தம் 3 அரசியலமைப்பில் ஏறிவிட்டதால் சட்டமன்றம் நேரடியாகத் தொட முடியாது. மருத்துவமனைக் கட்டுப்பாடுகள் மீதான வழக்குகளால் சேவை 2025இல் தொடங்குவதும் நிற்பதுமாக இருந்தது. மே மாதத்தில், அந்தத் திருத்தத்தையே நீக்கும் புதிய திருத்தத்தை மீண்டும் மக்கள் வாக்குக்கு அனுப்பச் சட்டமன்றம் முடிவெடுத்தது. மருத்துவ அவசரம், கருவின் கடும் குறைபாடு, பாலியல் வன்கொடுமையால் உண்டான 12 வாரம் வரையிலான கரு ஆகியவற்றுக்கு மட்டும் அதில் விலக்கு.

விலைவாசிக்காக ஒரு கட்சிக்கும் உரிமைக்காக ஒரு திருத்தத்துக்கும் தனித்தனியே வாக்களித்தவர், விலைவாசிக்கு ஏற்ற கூலி உயர்வையும் இழந்தார், உரிமைக்காக இரண்டாவது முறை போராடவும் வேண்டியிருக்கிறது. இந்தப் பிரிவினையின் விலையைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கூலியில் வாழும் பெண்களே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டையும் சேர்த்துப் பேசிய வேட்பாளரை அவர்கள் முன் நிறுத்தாதது கட்சிகளின் தவறு.

இனி கவனிக்க வேண்டியவை

விலைவாசி எந்தக் கட்சிக்கும் சொந்தமான ஆயுதம் இல்லை, யார் ஆட்சியில் இருக்கிறாரோ அவர்மேல் திரும்பும். 2025 நவம்பரில் அது டிரம்ப் கட்சியின் மேல் திரும்பியது. மின்கட்டணத்தைப் பேசிய மிக்கி ஷெரில் நியூஜெர்சியிலும், வாழ்க்கைச் செலவைப் பேசிய அபிகெயில் ஸ்பேன்பர்கர் வர்ஜீனியாவிலும் பெரிய வித்தியாசத்தில் ஆளுநர்களானார்கள். கருக்கலைப்பு உரிமையையும் ஆதரித்த இருவரும் செலவை முன்னால் வைத்தார்கள்.

நீதிபதித் தேர்தல்களில் நிலைமை வேறு. விஸ்கான்சினில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2023இல் ஜேனட் புரோட்டசேவிச் 11 புள்ளி வித்தியாசத்திலும், 2025இல் சூசன் கிராஃபோர்ட் சுமார் 10 புள்ளி வித்தியாசத்திலும் அங்கே வென்றார்கள். முட்டை விலையில் நீதிபதிக்குப் பங்கில்லை, கருக்கலைப்புச் சட்டத்தில் இருக்கிறது என்பதை வாக்காளர் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1849ஆம் ஆண்டின் தடைச் சட்டம் செல்லாது என்று அந்த நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

2026 நவம்பர் 3 அன்று இடைக்காலத் தேர்தல். நெவாடாவின் விதிப்படி, மக்கள் முன்மொழியும் அரசியலமைப்புத் திருத்தம் இரண்டு தேர்தல்களில் வெல்ல வேண்டும். 64 சதவீதத்துடன் ஒருமுறை வென்ற கருக்கலைப்பு உரிமை அன்று இரண்டாவது முறை வாக்குக்கு வருகிறது. மிசௌரியில் சட்டமன்றம் அனுப்பிய கேள்வியும் அதே நாளில்தான். 2024இல் அந்த உரிமை பெற்ற 51.6 சதவீதத்தில் டிரம்ப்புக்கும் வாக்களித்தவர்கள் பல லட்சம் பேர் இருந்திருக்க வேண்டும். நோய் விடுப்பு பறிபோனதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.